வெளியூரில் வைக்கும் காப்புப் படியும் அதன் பூட்டும்

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன், சுவரிலிருந்த கல்வெட்டுக்களை ஏட்டில் படியெடுத்து வைத்தனர். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. மூலம் அழிந்தாலும் கணக்கு அழியலாகாது என்பதை நம் அரியலூர் மாவட்டம் அன்றே அறிந்திருந்தது.

இன்று விக்கிரமங்கலம் போன்ற ஊர்களிலும் கணக்குகள் கணினியில் ஏறிவிட்டன. கரையான் கணினியைத் தின்பதில்லை. இடியும் மின்னலும் தின்றுவிடுகின்றன. ஆகவே காப்புப் படி ஒன்று அவசியம். அதுவும் அதே அலுவலக அலமாரியில் இருந்தால் பயனில்லை. தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் தரவு மையத்தில் தீப்பற்றியது. வெளியிடத்தில் படி இல்லாமையால், அரசு ஊழியர்கள் சேமித்திருந்த ஏறக்குறைய 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன.

படியை வெளியூர்ச் சர்வருக்கு அனுப்பினால், அதைப் பிறர் படித்துவிடுவார்களே என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கு மருந்து மறையாக்கம். எழுத்துக்களை ஓர் இரகசியத் திறவுகோலைக் கொண்டு பொருளற்ற குறிகளாக மாற்றுவதே அது. 256 பிட் திறவுகோலை ஊகித்து அறிவது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம். ஆயின் அத்திறவுகோலைக் காக்கும் கடவுச்சொல்லாக ஊர்ப் பெயரையும் பிறந்த ஆண்டையும் வைத்தால், அதை ஊகிக்கக் கணினியே வேண்டியதில்லை! சர்வர் வைத்திருப்போரே பூட்டித் தருவதாகச் சொல்வதுண்டு. அப்போது திறவுகோலும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். எனவே படி அலுவலகத்தை விட்டுப் புறப்படுமுன் நாமே பூட்டுவது மேல்.

எல்லாவற்றையும் பூட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. கிராம சபைத் தீர்மானங்களும் வரவு செலவுக் கணக்கும் ஊரார் அறிய வேண்டியவை. அவற்றில் மறைக்க என்ன இருக்கிறது? பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய பட்டியல்களையோ கட்டாயம் பூட்ட வேண்டும்.

பூட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. திறவுகோல் தொலைந்தால், மென்பொருளைச் செய்தவரே வந்தாலும் திறக்க இயலாது. கிராமங்களில் திருடனைவிட இதுவே பெரிய அபாயம் என்பது என் கருத்து. செயலாளர் மாற்றலாகிச் செல்வார். கடவுச்சொல்லும் அவருடன் சென்றுவிடும். ஆகவே அதைத் தாளில் எழுதி, இரண்டு உறைகளில் அரக்கு முத்திரையிட்டு, பொறுப்பிலுள்ள இருவர் வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ளலாம். பொறுப்பு மாறும்போது உறையையும் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்க வேண்டும்.

மேலும், பூட்டு படிப்பதைத் தடுக்குமே அன்றி அழிப்பதைத் தடுக்காது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களில் புகுந்த கயவர்கள், அங்கிருந்த கோப்புகளைத் தாங்களே பூட்டிவிட்டனர். மருத்துவமனை பல நாள் தாளிலும் பேனாவிலும் இயங்கிற்று. இணையத்தோடு எப்போதும் இணைந்திருக்கும் படிக்கும் இக்கதி நேரலாம். எனவே ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் படியெடுத்து, எடுத்த உடனே கழற்றி வேறு கட்டடத்தில் வைப்பது நன்று. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, உறையிலுள்ள கடவுச்சொல்லைக் கொண்டே வேறொரு கணினியில் ஏதேனும் ஒரு பேரேட்டைத் திறந்து, தொகைகள் சரியாக உள்ளனவா என்று மன்ற உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் பார்த்து, அதை நடவடிக்கைப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வைக்க வேண்டும்.