பலகைக்கும் முத்திரை வேண்டுமா?



விளையாட்டுக்கும் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் போட்டி உண்டு. போட்டி உள்ள இடத்தில் எது நியாயம் என்ற கேள்வியும் எழும். அப்படி ஒரு கேள்வியை இந்த இதழில் ஆராய்வோம். கடலில் பலகை மீது நின்று அலையோடு சறுக்கி வரும் அலைச்சறுக்குப் போட்டியில், அவரவர் விருப்பப்படி பலகை கொண்டுவரலாமா? அல்லது நம் தராசுக்கு முத்திரை போடுவதுபோல் பலகைக்கும் விதி வகுக்க வேண்டுமா?

இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. கோவளமும் மாமல்லபுரமும் 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன் போட்டி நடந்தது. அதில் கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். இந்தக் கரையில் பழகும் இளைஞர்களில் பலர் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள். நல்ல பலகைகளோ பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஆகவே நம் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: ஜெயிப்பது பிள்ளையின் கால் பழக்கமா, தகப்பனின் பணப்பையா?

தராசும் தறியும் சொல்லும் பாடம்

நம் பெரியவர்கள் காலத்தில் சேர், வீசை, படி, மரக்கால் என்று அளவுகள் இருந்தன. ஊருக்கு ஊர் படி மாறும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் கிலோ எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறுகிறோம். ஆனால் இன்ன கம்பெனித் தராசைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. கிலோ கிலோவாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சரக்கின் தரத்திலும் வாடிக்கையாளரை நடத்தும் விதத்திலும் நாம் போட்டி போடலாம். எடைக்கல்லில் போட்டி கூடாது.

நம் ஊர்த் தறிக்கும் இப்படி ஒரு விதி உண்டு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட ரகச் சேலைகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், விசைத்தறியில் நெய்யக்கூடாது. இதுவும் கருவிக்கு வகுத்த விதிதான். ஆனால் கரையில் மயில் போடுவதா, யாளி போடுவதா, தாழம்பூ ரேக்கு விடுவதா என்பதில் சட்டம் தலையிடுவதில்லை. அது நெசவாளியின் கைத்திறன்.

விளையாட்டு உலகம் கண்ட இரண்டு அனுபவங்கள்

2008, 2009ஆம் ஆண்டுகளில் நீச்சல் வீரர்கள் வழவழப்பான புதுவகை உடைகளை அணிந்தார்கள். உடலை இறுக்கி, நீரில் மிதக்க உதவிய உடைகள் அவை. 2009இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறிந்தன. நீந்தியது ஆளா, உடையா என்ற சந்தேகம் வந்தது. 2010 ஜனவரி 1 முதல் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. விதி தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. அலைச்சறுக்குப் பலகையின் அடியில் மீன் செட்டை போன்ற ஓர் அமைப்பு இருக்கும். முன்பு ஒன்று அல்லது இரண்டு செட்டைகளே வைப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சன் மூன்று செட்டைகள் வைத்த பலகையைத் தாமே செய்து, 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வென்றார். பிறகு உலகமே அந்த முறைக்கு மாறியது. “இரண்டுக்கு மேல் கூடாது” என்று அன்று ஒரு விதி இருந்திருந்தால், அந்த முன்னேற்றம் தடைப்பட்டிருக்கும்.

பந்தயம் வேறு, வித்தை வேறு

அப்படியானால் விதியை எங்கே வைப்பது? போட்டியில் எதை அளக்கிறோம் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பலகை மீது நின்றபடி துடுப்பு வலித்துச் செல்லும் பந்தயம் ஒன்று உண்டு. முதலில் வந்தவருக்கே வெற்றி. நீளமான பலகை வேகமாக ஓடும். எனவே சர்வதேசப் பந்தயத்தில் 14 அடிக்கு மேல் பலகை கூடாது. இது நியாயமான வரம்பு.

அலைச்சறுக்கு அப்படி அல்ல. நடுவர்கள் ஒவ்வோர் அலைச் சவாரிக்கும் 10க்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார்கள். சிறந்த இரண்டு சவாரிகளைக் கூட்டுவார்கள். குட்டைப் பலகைப் பிரிவில் அளவு அவரவர் விருப்பம். நீளப் பலகைப் பிரிவில் மட்டும் 9 அடிக்குக் குறையக்கூடாது, ஏனெனில் அந்தப் பிரிவே நீளப் பலகையின் நடைக்காக ஏற்பட்டது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 80 கிலோ எடையுள்ள ஆணுக்கும் ஒரே பலகை கொடுத்தால் அளவுநாடாவில் சமம். கடலில் சமம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே கம்பெனிப் பலகை கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒலிம்பிக்கில் பாய் கட்டிய பலகைப் பந்தயத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். பந்தயத்தில் அதனால் சமநிலை கிடைப்பது உண்மை. ஆனால் 2008 பெய்ஜிங் முதல் டோக்கியோ வரை இருந்த ஆர்.எஸ்.எக்ஸ். வகை, 2024 பாரிஸில் ஐ.க்யூ.ஃபாயில் வகைக்கு இடம் விட்டது. பழையதைக் கடன்பட்டு வாங்கியவருக்கு அது ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை செல்லாக்காசு. ஒரே இடத்தில்தான் கொள்முதல் என்றால் வாங்குபவன் நிலை என்ன என்பதை வியாபாரிகளான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனதில் கொள்ள வேண்டியவை

1. திறமையின் வேலையைக் கருவி செய்யத் தொடங்கினால் அங்கே விதி வேண்டும். மற்ற இடத்தில் கைவைக்கக் கூடாது.

2. விதி அளந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். கேரம் ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நல்ல விதி. நம் கடைத் தராசிலேயே சரிபார்த்துவிடலாம்.

3. விதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாங்கியவர் நஷ்டப்படாமல் மாறுவதற்கு அவகாசம் தர வேண்டும்.

4. உயிருக்குப் பாதுகாப்பான விதியில் தளர்வு கூடாது. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்தால், அலையில் வரும் பலகை அடுத்தவர் தலையைப் பதம் பார்க்கும்.

இத்தனை விதி இருந்தும், பலகையே இல்லாத பிள்ளைக்கு விதியால் பலன் இல்லை. கடற்கரைப் போட்டிகளுக்கு நன்கொடை கேட்டு நம்மிடம் வருகிறார்கள். கோப்பைக்கும் பேனருக்கும் கொடுப்பதில் ஒரு பகுதியை, பிள்ளைகள் பொதுவில் எடுத்துப் பழகும் பலகைகளுக்கு என்று சொல்லிக் கொடுப்போம். தராசு நேராக நின்றால் போதாது. தட்டில் வைக்க எல்லோரிடமும் ஏதாவது இருக்க வேண்டும்.