உள்ளும் புறமும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம், கோயிலே ஊராகவும் ஊரே கோயிலாகவும் விளங்கும் திருத்தலமாகும். அரங்கநாதர் எழுந்தருளியுள்ள கருவறையை ஏழு திருச்சுற்றுகள் சூழ்ந்துள்ளன. 1987ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற இராசகோபுரத்தின் வழியே உட்புகுவோர் முதலிற் காண்பன கடைகளும் வீடுகளும் மக்கள் நடமாடும் வீதிகளுமே. உள்ளே செல்லச் செல்ல ஆரவாரம் குறையும், அமைதி மிகும். கோயில் ஒன்றேயாயினும், கடைவீதியில் உரக்கப் பேசுவதுபோலக் கருவறையின் முன் எவரும் பேசுவதில்லை. இடத்திற்கேற்ற ஒழுக்கம் உண்டென்பதை அம்மதில்களும் வாயில்களும் நாள்தோறும் உணர்த்துகின்றன.

மக்கள் வாழ்வும் இத்தகையதே. ஒவ்வொருவர்க்கும் இல்லத்திற்கு உரியது ஒன்றும், ஊர்க்கு உரியது ஒன்றுமாக இரு நிலைகள் உள்ளன. ஆசிரியர்க்கோ இவ்விரண்டையும் பேணுதல் ஏனையோரினும் கடினமானது. இல்லத்தில் அவர் ஒரு மகன், ஒரு தந்தை, ஒரு சமயத்தைச் சார்ந்தவர், தமக்கென அரசியற் கருத்துடைய குடிமகன். பள்ளியிலோ அவர் எல்லா மாணவர்க்கும் பொதுவானவர். நன்னூலார் ஆசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. துலாக்கோலுக்கு எத்தட்டின்பாலும் விருப்பில்லை. ஆனால் ஆசிரியர் மரத்தாலோ இரும்பாலோ ஆனவர் அல்லர். விருப்பும் வெறுப்பும் உடைய மனிதர். அவர் எவ்வாறு இரு நிலைகளையும் ஒருங்கே காப்பது?

இதற்குத் திருச்சிராப்பள்ளியே ஒரு சான்று தருகின்றது. அந்நகரின் அருகே 1815ஆம் ஆண்டிற் பிறந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் ஆழ்ந்த சிவபத்தர். தலபுராணங்கள் பல பாடியவர். திருவாவடுதுறை ஆதீனப் புலவராய் விளங்கியவர். தம் சமயப் பற்றை அவர் எவர்க்கும் மறைத்தவர் அல்லர். எனினும், அவரிடம் தமிழ் கற்றவர்களுள் நாகூரைச் சார்ந்த குலாம் காதிறு நாவலர் இசுலாமியர். சவராயலு நாயகரும் சவேரிநாத பிள்ளையும் கிறித்தவர். கிறித்தவராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின்மீது அவர் குளத்துக்கோவை என்னும் நூலையும் இயற்றினார். கடன் தொல்லை அவரை வருத்தியது. ஆயினும் அத்துன்பம் அவர் பாடஞ்சொல்லும் திண்ணையை எட்டவில்லை.

1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் உயிர் நீங்கும் வேளையில், மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் திருவாசகம் படித்தார். ஆசிரியரின் உடலைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் கிறித்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை. ஆசிரியர் தம் சமயத்தை விடவும் இல்லை. அதனை மாணவர்க்கு இடையே மதிலாக எழுப்பவும் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இக்காலத்திலும் இத்தகைய ஒழுக்கத்தை நாம் காண்கின்றோம். தேர்தற் காலத்தில் நம் ஆசிரியர் பலர் வாக்குச்சாவடி அலுவலராய்ப் பணிபுரிகின்றனர். அவர்க்கும் வாக்குரிமை உண்டு; அவர் உள்ளத்திலும் ஒரு கட்சி இருத்தல் கூடும். எனினும் வாக்குச்சாவடியில் அமர்ந்த பின்னர் எல்லாக் கட்சியினரும் அவர்க்கு ஒரு நிகரே. அரசு ஊழியர் அரசியல் இயக்கங்களில் ஈடுபடலாகாது என்று 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கூறுகின்றன. உள்ளத்தில் உள்ளதை அழித்துவிடுமாறு எவ்விதியும் கேட்பதில்லை; அதனைப் பணியினுள் கலவாதிருக்கவே கேட்கின்றது.

முற்காலத்தில் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே ஒரு தெருவேனும் இருந்தது. கைப்பேசி அத்தெருவை இல்லாமற் செய்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியே வகுப்பறையாயிற்று. உறவினர் வாழ்த்துச் செய்திகளுக்கு இடையே வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடமும் வந்து சேர்ந்தது. அன்று மாணவர் கைக்கு எட்டிய அவ்வெண்ணின் வழியே ஆசிரியரின் இல்லத்துப் படங்களும் இரவுநேரப் பேச்சுகளும் அவர்தம் கண்ணுக்கு எட்டலாயின. கதவில்லாத வீட்டில் வாழ்வோர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

அவ்விழிப்பை இழந்து யான் செய்த பிழையொன்றை இங்கே கூறுதல் கடன். பணி ஓய்விற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், காவிரி வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவன், ‘கரை புரண்டது’ என எழுத வேண்டிய இடத்திற் ‘கறை புரண்டது’ என எழுதியிருந்தான். அன்றிரவு என் முகநூற் பக்கத்தில், “எங்கள் காவிரியில் இப்போது கறை புரள்கின்றதாம்!” என வேடிக்கையாக எழுதினேன். அவன் பெயரைக் குறிக்கவில்லை. நண்பர் பலர் நகைத்தனர். ஆயின் அவன் வகுப்புத் தோழர் அதனைக் கண்டனர்; மறுநாள் முதல் அவனைக் ‘கறை’ என்றே அழைத்தனர். அடுத்த கட்டுரைத் தேர்வில் அவன் ஒரு சொல்லும் எழுதாத தாளைக் கொடுத்தான்.

காரணம் அறிந்து யான் வருந்தினேன். ‘அது பள்ளி நேரம் அன்று, என் சொந்தப் பக்கமன்றோ?’ என்று முதலில் என் நெஞ்சிற்கு யானே சமாதானம் கூறிக்கொண்டேன். நெஞ்சு அதனை ஏற்கவில்லை. அம்மா மண்டபத்தின் அருகே இருந்த அவன் இல்லத்திற்குச் சென்றேன். அவன் தலைகுனிந்தவாறே, “வகுப்பில் நீங்கள் நூறு முறை திருத்தியிருந்தாலும் மகிழ்ந்திருப்பேன் ஐயா, ஊரார் முன் சிரித்துவிட்டீர்களே” என்றான். அவனிடமும் அவன் அன்னையாரிடமும் பிழை பொறுக்குமாறு வேண்டினேன். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அதனையே கூறினேன். எழுதியதை அழித்தும் விட்டேன். ஆயினும் பிறர் எடுத்த நகல்களை யான் எங்ஙனம் அழிப்பது? கறை படிந்தது காவிரியில் அன்று; என் சொல்லிலே. அம்மாணவன் மீண்டும் கட்டுரை எழுதச் சில திங்கள் ஆயின.

அன்று யான் கற்ற பாடம் இதுவாகும். பணியின் வழியாக நமக்குக் கிடைத்தது நம் சொந்தப் பொருள் அன்று. மாணவனின் பிழையும் மதிப்பெண்ணும் குடும்ப நிலையும் ஆசிரியரிடம் வைத்த அடைக்கலப் பொருள்கள். அவற்றை அவர் வீதியிற் பரப்புதல் தகாது. அவ்வாறே, தமக்கே உரிய விருப்பு வெறுப்புகளை ஆசிரியர் என்னும் பதவியின் வலிமையால் மாணவர்மேற் சுமத்துதலும் தகாது. இவ்விரு வரம்புகளையும் காப்பவர், தம் இல்லத்து விழாவையோ தாம் இயற்றிய பாடலையோ நண்பரோடு பகிர்ந்து மகிழ்வதிற் குற்றமில்லை. மனத்தில் ஒன்றும் வாக்கில் வேறொன்றுமாக நடப்பது வஞ்சனை. இடமறிந்து அடங்கியிருப்பது பண்பு. இரண்டும் வேறு வேறு.

மாணவர்களே, இஃது ஆசிரியர்க்கு மட்டும் உரிய அறம் அன்று. தோழன் நம்பிக் கூறியதும் வகுப்பில் ஒருவன் தடுமாறிய காட்சியும் உங்கள் கையிலுள்ள அடைக்கலப் பொருள்களே. ஆசிரியரின் இல்லத்துப் படத்தை எடுத்து நகையாடுவதும் அத்தகைய பிழையே. கோயிலின் வாயிலுக்குக் காவலர் உண்டு. நம் கைப்பேசியின் வாயிலுக்கு நம் நெஞ்சமே காவல். ஒரு சொல்லை வெளியே விடுமுன், “இஃது எவர்க்கு உரியது?” என அக்காவலைக் கேட்டறிந்து விடுதல் நம் கடமையாகும்.