இருவகைத் திரை

அலைக்குத் திரை என்பது தமிழில் பழம்பெயர். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒளிரும் பரப்பையும் இக்காலத்தார் திரை என்றே வழங்குவர். பழவேற்காட்டு மீனவர் வாழ்வில் இவ்விரு திரைகளும் இன்று தொடர்புற்று நிற்கின்றன.

பழவேற்காடு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. அதன் கரையூர்களில் வாழும் மீனவருள் பலர் முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் செல்வர். காற்றின் வேகம் யாது? அலையின் உயரம் என்ன? மீன் எங்கே கிட்டும்? இவற்றை அறியாது படகு செலுத்தினால் பொருளிழப்பு நேரும். சிலவேளை உயிரிழப்பும் நேரும்.

இக்காலத்தில் செய்திக்குப் பஞ்சமில்லை. அதன் மிகுதியே இடர்ப்பாடு. ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளந்த கடற்பரப்பின் வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் ஆராய்ந்து, மீன் மிகுந்திருக்கக்கூடிய இடங்களைக் கணிக்கிறது. அவ்வெண்களை அப்படியே அடுக்கிவைத்தால் மீனவர்க்குப் பயன் என்ன? ஆதலால், கரையிலிருந்து எத்திசையில், எவ்வளவு தொலைவில், எத்தனை ஆழத்தில் என்னும் விடையாக அவை மாற்றப்படுகின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்னும் செயலி, இத்தகைய செய்திகளோடு அலை, காற்று, கடல் எல்லை பற்றிய எச்சரிக்கைகளையும் தமிழில் தருகிறது. பார்ப்பவர் கேட்கும் வினாவிற்கு விடையாக அமைதலே நல்ல திரையின் முதல் இலக்கணம்.

இடர் பற்றிய செய்தி முன்னே நிற்றல் இரண்டாம் இலக்கணம். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இதற்கு நல்ல சான்று. வானிலை ஆய்வாளர் திரட்டிய செய்தியெல்லாம் அங்கே, 1 முதல் 11 வரையுள்ள எண்களுள் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆடும் படகில், கண்கூசும் வெயிலில், ஈரக்கையோடு கைப்பேசியை எடுப்பவர்க்கும் எச்சரிக்கை அவ்வாறே ஒரே நோக்கில் புலப்பட வேண்டும். விரிவான விளக்கம் வேண்டுவோர் பின்னர்த் திறந்து காணலாம்.

அக்கூண்டுகளுள் 11-ஆம் எண், வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதை அறிவிக்கும். செய்தியின்மையையும் மறையாது காட்டுதல் மூன்றாம் இலக்கணம். கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றால் கைப்பேசித் தொடர்பு அறும். அப்போது திரையில் நிற்கும் நேற்றைய செய்தியை இன்றையது என்று நம்பினால் கேடு விளையும். எனவே, செய்தி கிடைத்த நாளும் நேரமும் உடன் தோன்றுதல் வேண்டும்.

கடல்திரையை அடக்குதல் எவர்க்கும் அரிது. கைத்திரையைத் திருத்தமுற அமைத்தலோ மக்களால் இயல்வது. அஃது உயிர்காக்கும் பணியுமாகும்.