மயக்கம் மருந்தாகுமா?

திருவனந்தபுரத்திற்கு வடபால், தேசிய நெடுஞ்சாலையின்மீது அமைந்துள்ளது கழக்கூட்டம். 1990-ஆம் ஆண்டு இவ்வூரின் அருகே டெக்னோபார்க் என்னும் கணினித் தொழிற்பூங்கா நிறுவப்பெற்றது. தமிழகத்தினின்றும் பிற மாநிலங்களினின்றும் வந்த இளைஞர் பலர், பெற்றோரைப் பிரிந்து வாடகை அறைகளில் தங்கி, இரவு பகல் பாராது இங்கு உழைக்கின்றனர். குறித்த நாளில் பணியை முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடி ஒருபுறம். வேலை நிலைக்குமோ என்னும் அச்சம் மற்றொருபுறம். ஊரிலுள்ள கடன் பிறிதொருபுறம். இத்தகையோர் நடுவே ஒரு வினா எழுகின்றது: “பிறருக்குத் தீங்கு செய்யாமல், என் அறையில் அமர்ந்து, என் துன்பத்தை மறக்கச் சிறிது அருந்தினால் குற்றம் யாது? அதுவன்றோ என்னை வாழவைக்கின்றது?”

அன்பர்களே, இவ்வினாவை இகழ்ந்து தள்ளுதல் தகாது. இது துன்பத்தினின்றும் பிறந்த வினா. துன்பம் உண்டு என்பதைத் தம் அறத்தின் முதல் வாய்மையாக வைத்தவர் பகவான் புத்தர். ஆதலின், “குடியாதே” என்று கட்டளையிட்டு அமையாமல், போதைப் பொருள் துன்பத்தைத் தாங்க உண்மையில் உதவுகின்றதா என ஆராய்வதே நமக்கு முறையாகும்.

1. இரண்டு அம்புகள்

சம்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றிய சூத்திரம் ஒன்றுண்டு. அம்பினால் தாக்குண்ட ஒருவனை மற்றோர் அம்பும் தாக்கினால் அவன் இருமடங்கு நோகின்றான். முதல் அம்பு உடலுறும் நோவு. இரண்டாம் அம்பு, அந்நோவைக் குறித்து மனம் கொள்ளும் புலம்பலும் கலக்கமும் ஆகும். பயிற்சியில்லாதவன் இரண்டையும் ஏற்கின்றான்; பயின்றவன் முதல் அம்பை மட்டும் ஏற்கின்றான். மேலும் பகவான் ஒரு நுட்பத்தை அங்குக் காட்டுகின்றார். பயிற்சியில்லாதவன் நோவுற்றபோது புலனின்பத்தை நாடுகின்றான். ஏனெனில், நோவினின்றும் தப்ப வேறு வழி அவனுக்குத் தெரியாது.

இதைக் கூர்ந்து நோக்குக. குடிப்பவனைத் தீயவன் என்று பகவான் ஈண்டுக் கூறவில்லை. வழியறியாதவன் என்றே கூறுகின்றார். வழியறியாதவனுக்கு வேண்டுவது வசை அன்று, வழியே.

2. கடன் வாங்கிய அமைதி

மதுவை அருந்தியவுடன் அச்சம் தணிகின்றது, நா தளர்கின்றது, உறக்கம் விரைந்து வருகின்றது. இதை மறுப்பது பொய்யாகும். மூளையின் விழிப்பை அடக்கும் ஆற்றல் மதுவுக்கு உண்டு. ஆனால் மூளை வாளாவிராது. அடக்கப்பட்ட விழிப்பைச் சரிக்கட்டத் தன்னைத் தானே முடுக்கிக்கொள்கின்றது. மது இறங்கியபின் அம்முடுக்கம் மட்டும் எஞ்சி நிற்கும். நள்ளிரவுக்குப்பின் உறக்கம் கலைவதும், விடியலில் காரணமின்றி நெஞ்சு படபடப்பதும் இதனாலேயாம். நாளடைவில் முன்போன்ற அமைதிக்கு முன்னினும் மிகுதியான அளவு தேவைப்படும். எந்த அச்சத்தைப் போக்கக் குடித்தானோ, அந்த அச்சத்தையே குடி வளர்த்துத் தருகின்றது.

அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் பலமுறை கைப்பற்றப்பட்டுவரும் எம்.டி.எம்.ஏ. என்னும் செயற்கைப் போதைப் பொருளின் இயல்பும் இத்தகையதே. மூளையிற் சேமிக்கப்பட்ட செரட்டோனின் என்னும் பொருளை அது ஒருங்கே கொட்டச் செய்கின்றது. சில நாழிகை களிப்பு. பின்னர்ச் சில நாட்கள் சோர்வு. இஃது ஈட்டிய செல்வம் அன்று; நாளைய அமைதியை இன்று வட்டிக்கு வாங்கும் கடனேயாம்.

3. மருந்தும் மயக்கமும்

அங்ஙனமாயின் இப்பொருள்கள் யாவும் எவ்விடத்தும் விலக்கத்தக்கனவா? அன்று. பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாதநோயால் வருந்தியபோது, மது சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயைப் பகவான் அனுமதித்தார் என்று விநயம் கூறும். சிலர் மதுவை மிகுதியாகச் சேர்த்து மயங்கினர். அதனைக் கேட்ட பகவான், மதுவின் நிறமும் மணமும் சுவையும் புலப்படாத அளவே உட்கொள்ளத்தக்கது என வரையறுத்தார்.

இவ்வேறுபாடு இன்றும் பொருந்தும். ஓப்பியத்தினின்றும் பெறப்படும் மார்ஃபின், புற்றுநோயாளரின் கொடுநோவைத் தணிக்கும் அருமருந்து. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மருத்துவரும் அதனைப் பெறுதல் அரிதாயிற்று. நோயாளர் பலர் கதறியே மாண்டனர். திருவனந்தபுரத்தில் 2003-இல் டாக்டர் எம். ஆர். இராசகோபால் முதலியோர் தொடங்கிய பாலியம் இந்தியா என்னும் அமைப்பு இக்கொடுமையை எடுத்துரைத்து உழைத்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. ஒரே பொருள், மருத்துவர் கையில் அளவோடு நின்று நோவை ஆற்றுகின்றது; தனியறையில் அளவின்றி நின்று மனிதனை அழிக்கின்றது. மனநோய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையையும் போதை என்றெண்ணி நிறுத்துவோர் இதனை உணர்வாராக.

ஐந்தாம் சீலத்தின் கருத்தும் இதுவே. மறதிக்கும் அசட்டைக்கும் இடமாகும் பொருளினின்றும் விலகுதலே அச்சீலம். ஏனைய நான்கையும் காக்கும் காவலன் விழிப்புணர்வு. காவலன் உறங்கினால் வீட்டினுள் எதுவும் எஞ்சாது.

4. சாதுவன் கண்ட வழி

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில் இதற்கொரு சான்றுண்டு. ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடத்தும் சூதாட்டத்திலும் பொருளனைத்தையும் இழந்தான், பொருளீட்டக் கடல்மேற் சென்றான், மரக்கலம் உடைந்தது, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி நக்கசாரணராகிய நாகர் மலையை அடைந்தான். அவனைக் கொன்று தின்ன வந்த நாகரிடம் அவர்தம் மொழியிலேயே பேசினான். நாகர் தலைவன் மகிழ்ந்து, பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கக் கட்டளையிட்டான்.

இவனினும் துன்புற்றார் யாவர்? செல்வம் இல்லை, மனைவி அருகில் இல்லை, உயிரும் ஐயத்தில் நின்றது. மறக்க வேண்டியன அனைத்தும் இருந்தன. மறப்பிக்கும் கள்ளும் எதிரே இருந்தது. ஆயினும் அவன் மறுத்தான். காரணம் கேட்ட தலைவனுக்கு அறத்தை உரைத்தான். அவன் சொற்கேட்ட நாகர், உடைகலத்தினின்றும் பிழைத்து வருவோரைக் கொல்லாதொழிய இசைந்தனர். தெளிந்த மதியே அன்று அவனையும், அவனுக்குப்பின் அக்கரையை அடைவோரையும் காத்தது.

5. சார்பினை மாற்றுதல்

மதியிருந்தாற் போதுமா? சூழ்நிலையும் நோக்கத்தக்கது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாயினர். நாடு திரும்பியவர்களை 1970-களில் ஆராய்ந்த இலீ ராபின்ஸ் என்னும் அம்மையார், அங்ஙனம் அடிமையாயிருந்தவருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் மிகச் சிலரே எனக் கண்டார். அச்சமும் தனிமையும் நிறைந்த சூழல் அகன்றபோது பலரிடத்துப் பழக்கமும் அகன்றது. ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றும் என்னும் அறத்திற்கு இதுவும் ஒரு விளக்கமன்றோ?

கழக்கூட்டத்தினின்றும் சிறிது தொலைவிலுள்ள செம்பழந்தியிற் பிறந்த நாராயண குரு (மறைவு 1928), மதுவை நஞ்சென்று கூறி, அதனை ஆக்குதலையும் கொடுத்தலையும் பருகுதலையும் விலக்கினார். அவர் அத்துடன் அமையவில்லை. கல்வியையும் தொழிலையும் கூட்டுறவையும் மக்களுக்குக் காட்டினார். கோப்பையை மட்டும் பறித்து, துன்பத்தை அப்படியே விட்டால் கை மற்றொரு கோப்பையைத் தேடும்.

6. செயத்தக்கன

முதலாவது, துன்பத்தைப் பெயரிட்டுக் கூறுக. கடனா, தனிமையா, பணிச்சுமையா என்று பிரித்தறிந்தால் அதற்கேற்ற பரிகாரம் புலப்படும். இரண்டாவது, கல்யாண மித்திரரை, அஃதாவது நல்லுறவினரை நாடுக. 1935-இல் அமெரிக்காவில் குடியால் நொந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கத் தொடங்கிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டம் இன்று உலகெங்கும் உள்ளது. மூன்றாவது, நாள்தோறும் சிறிது நேரம் மூச்சினை நோக்கியிருந்து, அச்சம் எழுவதையும் தணிவதையும் காண்க; குடியாமலே தணிவதை ஒருமுறை கண்டவன் இரண்டாம் அம்புக்கு அஞ்சான்.

நான்காவது, நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரெனத் தாமே நிறுத்துதல் ஆகாது. வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவரின் துணையோடு நிறுத்துக. மனத்துயர் மிகின் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசியில் எந்நேரமும் பேசலாம்.

இறுதியாக ஒன்று. நம் இல்லத்திலோ அண்டை அறையிலோ ஒருவர் மயங்கிக் கிடப்பாராயின், அவரைக் கண்டு முகம் சுளித்துச் செல்லற்க. அவர் அம்பு தைத்தவர். அவரருகே அமர்ந்து, “நும் துன்பம் யாது?” என்று வினவுவோமாக. அவ்வினாவே பலருக்கு முதல் மருந்தாகும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. முதல் அம்புக்கும் இரண்டாம் அம்புக்கும் உள்ள வேறுபாட்டை நும் வாழ்வினின்றும் எடுத்துக்காட்டுக.
2. மருந்தினையும் மயக்கப் பொருளையும் எவ்வாறு பிரித்தறிவோம்?
3. நும் உடனுறைவோர் ஒருவரின் சார்பினை மாற்ற நும்மால் இயல்வது யாது?