ஒரே நோயாளியின் செல்கள்

அன்புள்ள மகளுக்கு,

மலேரியாச் செல் படங்களை வைத்துப் புராஜெக்ட் செய்கிறாய், துல்லியம் நூறை நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். சித்திக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அந்தப் படங்கள் வந்த வழியை முதலில் தெரிந்துகொள்.

வங்கதேசத்துச் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மலேரியா கண்ட 150 பேர், நலமாயிருந்த 50 பேருடைய ரத்தம் அது. ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல்போனைப் பொருத்திப் படம் எடுத்தார்கள். பாங்காக்கில் கைதேர்ந்த ஒருவர் செல்களைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் சிவராமகிருஷ்ணன் ராஜாராமனும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த 27,558 செல்களை வைத்துத்தான். தொற்றுள்ளது பாதி, இல்லாதது பாதி.

சிவப்பணுவுக்குள் மெல்லிய ஊதா வளையம், அதில் அடர்ந்த ஒரு புள்ளி: கிருமியின் இளம் பருவம் அப்படித்தான் தெரியும். சிவப்பணுவின் மேல் தட்டணு ஒன்று படிந்திருந்தாலும், சாயத்துகள் ஒட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். பழகிய கண்ணே தடுமாறும் இடம் இது. உன் நியூரல் நெட்வொர்க்குக்கோ படம் என்பது வெறும் எண்கள். சின்னச் சின்னக் கட்டமாக அவற்றின் மேல் நகர்ந்து, முதலில் விளிம்பையும் நிறத்தையும், போகப்போக வடிவத்தையும் பிடிக்கிறது. விடை தப்பினால் அந்தப் பிழையைப் பின்னோக்கி அனுப்பித் தன் எடைகளைத் திருத்திக்கொள்கிறது. வளையத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு ஸ்லைடின் சாய நிறத்தைப் பிடித்துக்கொண்டே சரியான விடை சொல்லிவிடவும் கூடும்.

நம் புதியம்புத்தூர் தையல் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வரும் புதுப் பெண்ணை ஒரே லாட்டில் பழக்கிவிட்டு, அதே லாட்டின் மிச்சப் பீஸ்களைக் கொடுத்துச் சோதித்தால் அவள் திறமை தெரியுமா? வேறு துணி வரும்போதுதான் தெரியும். நீ 27,558 செல்களையும் கலைத்துப்போட்டுப் பிரித்தாய் அல்லவா? ஒரே நோயாளியின் செல்கள் பயிற்சியிலும் தேர்விலும் விழுந்திருக்கும். ராஜாராமன் குழு அதனால்தான் நோயாளி வாரியாகவும் பிரித்துச் சோதித்தது. எந்தச் செல் யாருடையது என்ற பட்டியலும் கிடைக்கிறது. அதை வைத்து ஆளை ஆளாகப் பிரித்து மறுபடி ஓட்டு. துல்லியம் குறைந்தால் வருத்தப்படாதே, அதுதான் நம்பத்தக்க எண்.

தொற்றிருந்தும் இல்லை என்று உன் மாடல் சொன்ன செல்களைத் தனியே எடுத்து வை. காய்ச்சலோடு வருகிறவரை மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடும் பிழை அது. அந்தப் படங்களைத் தூத்துக்குடியில் லேப் டெக்னீசியன் ஒருவரிடம் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தி