பெற்றோர் மாநிலம் மாறினால் பிள்ளையின் கார்?

அமெரிக்காவில் பெற்றோர் வேலை மாறி வேறு மாநிலம் போக, பிள்ளை பழைய ஊர்க் கல்லூரியிலேயே காரோடு தங்கிவிடுவது சகஜம். முதலில், கார் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகக் குடியேறுபவர் தம்மோடு கொண்டுவரும் வண்டியை டெக்சஸில் 30 நாளுக்குள், கலிஃபோர்னியாவில் 20 நாளுக்குள் பதிய வேண்டும். கலிஃபோர்னியாவில் வண்டியை நேரில் காட்டிச் சரிபார்க்கவும் வேண்டும். பெற்றோர் பெயரில் உள்ள காரைப் புது மாநிலத்தில் பதிய நினைத்தால், வெகுதூரத்தில் நிற்கும் காருக்கு அது பெரும் அலைச்சல்.

கார் கல்லூரி ஊரிலேயே நிற்கும் என்றால், பிள்ளைக்கு 18 வயதானதும் அவர் பெயருக்கு மாற்றி அங்கேயே பதிவைத் தொடர்வதே நல்லது என்பேன். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். உள்மாநிலக் கட்டணச் சலுகைக்குப் பல பல்கலைக்கழகங்கள் வண்டிப் பதிவையும் ஒரு சான்றாகப் பார்க்கின்றன, அதனால் பதிவை அவசரப்பட்டு வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காப்பீடு. கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடே மறுக்கப்படலாம். வீட்டுச் சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்துவிடுங்கள்.