அச்செழுத்தும் நூலாசிரியரும்

பழைய அச்சுப் புத்தகமொன்றை வகுப்பிலே வாசிப்பித்தபோது, மாணாக்கனொருவன் துதிக்கை போல மேலே வளைந்த ஐகாரக் குறியைக் கண்டு, “ஐயா, இஃது அச்சுப்பிழை” என்றான். அப்பிழை அவனதன்று, எழுத்துவடிவின் வரலாற்றைக் கற்பியாத நம்மதே.

நூலின் சொல் நூலாசிரியருடையது. அதன் எழுத்துவடிவோ ஏடெழுதினோரும் அச்சு வெட்டினோரும் தந்தது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 16 பக்கமுடைய தம்பிரான் வணக்கத்தைத் தமிழிற் பெயர்த்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார். எழுத்து வெட்டினோர் பிறர். 1713இல் ஜெர்மனி தேசத்து ஹால்லே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துக்கள் பெரியனவாய்க் கடதாசியை மிகுதியும் கொண்டமையால், அங்கே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அவ்வடிவு சிறுத்தமைக்குக் காரணம் கடதாசிக் குறைவேயன்றி நூலாசிரியர் கருத்தன்று. சமயம் வேறாயினும் அவர் தொழிலை மறத்தல் நன்றியாகாது.

இனி, ஓலையிலே புள்ளி குத்தின் ஓலை பழுதுறும். ஆதலால் புள்ளியின்றி எழுதினர். முற்பட்ட அச்சிலும் அவ்வழக்கே தொடர்ந்தது. தொல்காப்பியர் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி விதித்தார். நெடிலைக் கொம்பின் சுழியால் வேறுபடுத்தும் முறை பிற்காலத்து வீரமாமுனிவரோடு சார்த்தப்படுவது. புள்ளியும் சுழியுமில்லாத ஏட்டில் “மெல” என நிற்பது மெல, மேல, மெல், மேல் என நால்வகையாலும் வாசிக்கப்படும். எது பொருந்துமெனப் பொருளும் யாப்பும் நோக்கித் துணிவதே பதிப்பாசிரியர் கடன். ஆறுமுகநாவலரவர்கள் 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவி, நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்ததன் அருமை இதனால் விளங்கும். அப்பதிப்புக்களிற் காணும் பதப்பிரிப்பும் நிறுத்தக்குறிகளும் பதிப்பாசிரியர் உழைப்பு, மூலநூலார் செய்தனவல்ல.

1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் பழைய வடிவை மாற்றிற்று. புதுவடிவே பயின்ற பிள்ளைக்கு நாவலர் பதிப்பு அயலாகிவிடுதல் கூடாது. ஆகவே ஆசிரியர்கள் அப்பதின்மூன்றையும் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் கரும்பலகையில் எழுதிப் பயிற்றுக. பின்னர்ப் பழைய நூலொன்றைக் காட்டி, சொல் யாருடையது, பதிப்பு யாருடையது, எழுத்து யாருடையது என மூன்று வினாக்களை வினவுக. விடை பகுத்துக் கூறவல்ல மாணாக்கன் முன்னோர் நூலைப் பிழையென்று தள்ளான். தானே எடுத்து வாசிப்பான்.